பக்கம் திறக்காதது ஏன்?

பையன் ஓர் ஆபாசத் தளத்தின் பெயரைத் தட்டுகிறான், பக்கம் திறக்கவில்லை. அப்பா வீட்டிலேயே இல்லை. தடுத்தது யார்?

தளங்களின் பெயர்கள் நம் வசதிக்காக. இயந்திரத்துக்கு வேண்டியது ஐ.பி. எண். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாடுதான் டி.என்.எஸ்.; 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. புதிதாக எந்தத் தளத்துக்குப் போனாலும் போன் முதலில் அங்கே விசாரித்தாக வேண்டும். மறிப்பதற்கு இதைவிடத் தோதான இடம் ஏது?

கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்காக 1.1.1.3 என்ற இலவச டி.என்.எஸ். முகவரியைத் தொடங்கியது. வைஃபை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், டி.என்.எஸ். கட்டத்தில் இதை எழுதிச் சேமித்தால் போதும். தடைப்பட்டியலில் உள்ள பெயரைக் கேட்டால் 0.0.0.0 என்று பதில் வரும். அது எந்தத் தளத்தின் எண்ணும் அல்ல. போன் போக வழியின்றி நின்றுவிடும்.

ஆனால், இது பெயரை மட்டுமே பார்க்கும். யூடியூபுக்குள் எந்த வீடியோ ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ, வி.பி.என். போட்டாலோ ரூட்டர் வேலைக்கு ஆகாது. பிள்ளைகளுக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்?

அதனால்தான் கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்றவை போனுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கின்றன: புதுச் செயலிக்குப் பெற்றோர் அனுமதி, இரவானால் பூட்டு. வாட்ஸ்அப்பில் யார் என்ன எழுதினார் என்பதை அதுவும் காட்டாது.