நாய் நக்கிய கிண்ணம்

வெளியே சென்று திரும்பியதும் வாலைக் குழைத்துக்கொண்டு ஓடிவந்து, குழந்தையின் முகத்தை நக்கும் நாயை விரட்ட யாருக்குத்தான் மனம் வரும்? வெறிநாய்க்கடி என்றால் எல்லோரும் நடுங்குகிறோம். ஆனால் கடிக்காத நாய், நோயின் சாயலே இல்லாத நாய், அதனிடமிருந்தும் ஒரு வியாதி வீட்டுக்குள் புகலாம் என்பதைப் பலர் அறியார்.

அதற்குக் காரணம் ஒருவகை நாடாப் புழு. நாடா என்றதும் கஜக்கணக்கில் நீளம் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஓர் அரிசியின் நீளந்தான். நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் குடியிருந்தாலும் நாய்க்கு ஒரு சங்கடமும் தோன்றாது. புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளிவந்து அதன் மயிரிலும் மூக்கிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஆடு அவற்றைப் புல்லோடு மேய்கிறது. மனிதன் கை வழியாகவோ உணவு வழியாகவோ விழுங்குகிறான். பிறகு ஈரலிலோ நுரையீரலிலோ தெளிந்த நீர் நிறைந்த ஒரு கட்டி வளரத் தொடங்குகிறது. அதற்கு அவசரமே இல்லை. வலியில்லாமல் பத்து வருஷம், இருபது வருஷம் வளரும். ஐந்து வயதில் நாயைக் கட்டிக்கொண்டு விளையாடிய பெண், தன் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் வயிறு பெருத்து வைத்தியரிடம் வருவாள். கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

நாய்க்கு இந்தப் புழு எங்கிருந்து வந்தது? கட்டியுள்ள ஆட்டின் ஈரலைப் பச்சையாகத் தின்றதால் வந்தது. பெரும்பாலும் அதைப் போட்டவனும் மனிதனே!

இந்த வியாதியால் ஐஸ்லாந்து தேசம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அங்கே ஜனங்களைவிட ஆடுகள் அதிகம்; ஆடுகளை மேய்க்க நாய்கள் வேண்டும். நீண்ட குளிர்காலத்தில் குடியானவர் குடும்பமும் நாய்களும் ஒரே கூரையின் கீழ்தான் வாசம். சாப்பிட்டு முடித்த மரக் கிண்ணங்களைத் தரையில் வைத்தால் நாய்கள் நக்கிச் சுத்தம் செய்துவிடும்! ஜனங்களில் ஏழில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு டாக்டர் மதிப்பிட்டார். சிகிச்சையோ பயங்கரம். வயிற்றின்மேல் காரப்பசையைத் தடவி, சதையை நாள்கணக்கில் அரிக்கவிட்டு, கட்டிக்கு வழி திறப்பார்கள்.

ஐஸ்லாந்து அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1863-ல் ஹரால்ட் கிராப்பே என்ற டேனிஷ் விஞ்ஞானி அங்கே சென்று நூறு நாய்களை அறுத்துச் சோதித்தார். இருபத்தெட்டு நாய்களின் குடலில் இப்புழு இருந்தது. அடுத்த வருஷம் அவர் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதை டேனிஷ் பண்டிதர்களுக்காக எழுதவில்லை. ஐஸ்லாந்துக் குடியானவர்களுக்காக அவர்கள் பாஷையிலேயே எழுதி, வீடுகளுக்கு இலவசமாக வழங்கச் செய்தார். அந்தத் தேசத்தில் ஏழைக் குடியானவனுக்கும் எழுத்து வாசனை உண்டு. மாலையில் ஒருவர் விளக்கடியில் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கம்பளி நூற்றுக்கொண்டே கேட்பது அவர்கள் வழக்கம். ஆட்டை அறுத்தால் கட்டியுள்ள ஈரலை எரித்துவிடுங்கள் அல்லது புதைத்துவிடுங்கள், நாய்க்குப் போடாதீர்கள் என்ற சேதி இப்படி வீடு வீடாகப் போயிற்று.

1869-ல் நாய்வரிச் சட்டம் வந்தது. 1890-ல் நாய்களுக்கு வருஷந்தோறும் பூச்சிமருந்து கொடுப்பது கட்டாயமாயிற்று. ஆயினும் கட்டிகள் உடனே மறையவில்லை. எப்படி மறையும்? பாலியத்தில் விழுங்கிய முட்டை முதுமையில் அல்லவா கணக்குக் கேட்கிறது! 1861 முதல் 1870 வரை பிறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் பிரேதப் பரிசோதனையில் கட்டி காணப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் பிறந்தவர்களிடமோ மிக அபூர்வம். புத்தகமே எல்லாம் சாதித்தது என்றால் மிகை. கிழட்டு ஆடுகளை விட்டுவிட்டு, கட்டி முற்றாத குட்டிகளை இறைச்சிக்கு அறுக்கும் வழக்கம் பரவியதும் பெரிய உதவி. இன்று அந்தத் தீவில் இப்புழு இல்லை. ஆனால் பயம் மட்டும் நெடுநாள் இருந்தது. தலைநகரான ரெய்க்யவிக்கில் 1924-ல் நாய் வளர்ப்பதையே தடுத்தார்கள்; 1984-ல்தான் தடை தளர்ந்தது.

பிற்பாடு நியூஜிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் இதே போர் நடந்தபோது, நாயின் குடலைக் கழுவப் பயன்பட்ட மருந்து அரிகோலின். அது வேறெங்கும் இல்லை, நம் வெற்றிலைத் தட்டுப் பாக்கில் இருக்கும் சத்துத்தான்! இப்போது அதைவிடச் சிறந்த பிராசிகுவான்டல் மாத்திரை வந்துவிட்டது.

நம் நாட்டிலும் இந்த வியாதி உண்டு. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ரணசிகிச்சை செய்வோர் இந்தக் கட்டிகளை நன்கு அறிவார்கள். இறைச்சிக் கடையின் பின்புறம் கழிவுக்காகக் காத்திருக்கும் தெருநாய்களைப் பார்த்தாலே காரணம் விளங்கும். அதற்காக வீட்டு நாயைத் துரத்த வேண்டியதில்லை. பச்சைக் குடலையும் ஈரலையும் அதற்குப் போடாமல் வேகவைத்துப் போடலாம். மிருக வைத்தியரைக் கேட்டு உரிய காலத்தில் பூச்சிமருந்து கொடுக்கலாம். கொல்லையில் பறித்த கீரையை நன்றாகக் கழுவ வேண்டும். குழந்தை நாயோடு விளையாடட்டும். இலையில் உட்காருமுன் சோப்புப் போட்டுக் கை கழுவினானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.