தோட்டத்தில் நம் மண்ணின் செடிகள்

பொம்மிடியில் பல வீடுகளின் பின்புறம் ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கும். அதன் இலைமேல் பறவையின் எச்சம்போல ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சற்றுப் பொறுத்துப் பாருங்கள், அது நகரும்! ஆம், அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. பறவைகளை ஏமாற்றவே இந்த வேடம். வளர்ந்தபின் அது பச்சை நிறம் பெறும்.

அப்புழுவை வாசலில் உள்ள குரோட்டன்ஸ் செடியில் எடுத்து விட்டால் என்ன ஆகும்? பட்டினியால் இறந்துவிடும். ஏன் தெரியுமா? செடிகள் பூச்சிகளிடமிருந்து தப்புவதற்காக இலைகளில் பல வேதிப்பொருள்களைச் சேர்த்து வைக்கின்றன. நெடுங்காலம் ஒரு செடியோடு சேர்ந்து வாழ்ந்த பூச்சியே அதன் இலையைச் செரிக்கும் ஆற்றலைப் பெறுகிறது. எனவே ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சிக்கும் சில செடிகளே உணவு. ஒன்றுக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும், மற்றொன்றுக்கு எருக்கு, வேறொன்றுக்கு ஆவாரை.

"பூக்கள் இருந்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்ணிச் செடியைப் பாருங்கள். அதன் பூவில் தேன் பருக வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. ஆனால் மேற்சொன்ன புழுக்கள் எதற்கும் அதன் இலை உணவாகாது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பழங்களைத் தின்ற பறவைகள் விதைகளைக் காடெங்கும் பரப்பின. இன்று அதன் புதர் அடர்ந்த இடங்களில் புல்லும் மரக்கன்றுகளும் தலைதூக்க முடிவதில்லை. ஆடுமாடுகளுக்கோ அதன் இலை நஞ்சு. வெளிநாட்டுச் செடிகள் எல்லாமே தீயவை என்பதல்ல. மிளகாயும் நிலக்கடலையும் அங்கிருந்து வந்தவைதாமே! கட்டுக்கடங்காமல் பரவுபவையே தொல்லை தருகின்றன.

இழந்த செடிகளை மீட்க முடியுமா? முடியும். புதுச்சேரிக்கு அருகே 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அது மண் அரித்த செம்மண் மேடு. அங்குக் குடியேறியவர்கள் முதலில் விரைவில் வளரும் ஆஸ்திரேலிய மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினர். பிறகு அப்பகுதியின் பழைய காட்டை அறியக் கோயில் காடுகளைத் தேடிச் சென்றனர். அங்குக் கிடைத்த விதைகளைக் கொண்டு நாற்றங்கால் அமைத்தனர். இன்று அங்கே மீண்டும் காடு நிற்கிறது. சென்னையில் 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவை அமைப்பதிலும் அவர்களின் அனுபவம் உதவியது.

இதே பணியை நீங்கள் பள்ளியில் சிறிய அளவில் செய்யலாம். சேர்வராயன் மலை அருகில் இருந்தாலும் காப்புக்காட்டுக்குள் போக வேண்டியதில்லை, சாலையோரமே போதும். ஆவாரை விதையின் தோல் கடினமானது. சொரசொரப்பான கல்லில் இலேசாகத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊற வைத்து விதையுங்கள். கறிவேப்பிலைப் பழத்தின் சதையை நீக்கி, விதை காயுமுன் ஊன்றுங்கள். நொச்சிக்குக் குச்சியை நட்டாலே போதும்.

செடிகள் வளர்ந்ததும் எந்தச் செடிக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். சில இலைகள் கடிபட்டிருந்தால் மருந்து தெளிக்க ஓடாதீர்கள். நீங்கள் எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்!