அதே நாற்காலி, அதே சம்பளம்

மாதம் 20-ம் தேதி நெருங்கினால் திருவண்ணாமலையில் ஆடிட்டர் ஆபீஸ்களின் வாசலில் செருப்பு குவியும். மாதாமாதம் ஜிஎஸ்டி 3பி போடுகிறவர்களுக்கு அதுதான் கடைசி நாள். பில் கட்டும் பென்டிரைவுமாக வந்து நிற்பவர்களில் முதலாளிகள் குறைவு. அரிசி ஆலைக் கணக்கர், லாட்ஜ் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் பெண், ஹார்டுவேர் கடையில் பில் போடும் பையன் என்று வரிசை நீளும். 7-ம் தேதி டிடிஎஸ், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15-ம் தேதி பி.எஃப்., இஎஸ்ஐ, 20-ம் தேதி 3பி. இந்தத் தேதிகளைத் தலையில் சுமப்பது இவர்கள்தான். தேதி தவறினால் அபராதம் முதலாளிக்கு, திட்டு இவர்களுக்கு.

இந்த ஊரின் ஆபீஸ் வேலைக்கு வேறு முகங்களும் உண்டு. ரமணாசிரமத்தைத் தேடி வெளிநாட்டவர் வரும் ஊர் இது. அவர்களுக்கு அறை கொடுக்கும் விடுதி, வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை, 'சி' படிவம் என்று பழகிப்போன படிவத்தில், ஆன்லைனில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்று எல்லாம் பிழையில்லாமல் வேண்டும். பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டம் வாசலை அடைத்து நிற்கும்போதும் அந்தப் பதிவு வேலை நிற்காது. பள்ளி ஆபீஸ் என்றால் எமிஸ் தளத்தில் மாணவர் பதிவு, மாற்றுச் சான்றிதழ், கட்டண ரசீது. இவ்வளவும் தெரிந்த ஒருவர் எட்டு, பத்து வருஷம் ஒரே நாற்காலியில், கிட்டத்தட்ட ஒரே சம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஏன்?

திறமைக் குறைவு என்று சொல்லிக்கொள்வது எளிது. அது பெரும்பாலும் பொய். கலெக்டர் ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவருக்கு மே, டிசம்பரில் டிஎன்பிஎஸ்சி நடத்தும் துறைத் தேர்வு உண்டு, முதுநிலைப் பட்டியல் உண்டு, அடுத்த படியாக உதவியாளர் பதவி உண்டு. தாமதமானாலும் ஏணி கண்ணுக்குத் தெரியும். மூன்று பேர் வேலை செய்யும் தனியார் ஆபீஸில் உங்களுக்கு மேலே இருப்பது முதலாளி மட்டும். ஏறிப்போக அங்கே படியே கிடையாது. வளர வேண்டுமானால் இடம் மாற வேண்டும். அல்லது இருக்கிற இடத்திலேயே வேலையின் பெயரையும் பொறுப்பையும் மாற்றி வாங்க வேண்டும். இரண்டுக்கும் உங்கள் வேலையின் தரம் வெளியே நாலு பேருக்குத் தெரிந்திருப்பது அவசியம். இப்போது அது தெரிந்த ஒரே ஆள் முதலாளி. அதை வெளியே சொல்வதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய சொந்தமும் நண்பரும் நமக்குத் தெரிந்த அதே நாலு இடத்தைத்தான் சொல்வார்கள். தூரத்துப் பழக்கம் வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவரும். லிங்க்ட்இன் பயனாளர் 2 கோடிப் பேரை வைத்து 2022-ல் வெளிவந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. மிகக் குறைவாகப் பழகியவரை விடவும் மிக நெருங்கியவரை விடவும், ஓரளவு பழகியவரே வேலை மாற அதிகம் உதவுகிறார்.

நம் ஊரில் அந்த ஓரளவு பழகியவர் யார்? ஆடிட்டர் ஆபீஸின் மூத்த உதவியாளர். அவர் நாற்பது நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கிறார். யாருடைய பில் கட்டு ஒழுங்காக வருகிறது, யாருடையது மூட்டையாக வருகிறது என்று அவருக்குத் தெரியும். முன்பு படித்த தட்டச்சுப் பயிலகத்தின் ஆசிரியரும் அப்படித்தான்: ஆள் வேண்டுமென்றால் பல கடைக்காரர்கள் இன்றும் முதலில் கேட்பது அவரைத்தான். வங்கியின் நடப்புக் கணக்கு கவுன்ட்டர், டேலி சாஃப்ட்வேர் சர்வீஸுக்கு வருகிறவர், பக்கத்து லாட்ஜில் உங்களைப் போலவே சி படிவத்தோடு மல்லுக்கட்டுகிறவர். இவர்கள் எல்லாரும் உங்கள் வேலையை ஏற்கெனவே பார்த்தவர்கள். கோட்டு போட்டுக்கொண்டு விசிட்டிங் கார்டு பரிமாறும் கூட்டங்களுக்குக் காசு கட்டிப் போவது, என் கணிப்பில், நம் ஆபீஸ் ஊழியருக்குத் தண்டச் செலவு.

ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "அண்ணே, எங்கயாவது வேல இருந்தா சொல்லுங்க" என்றால் அந்த அண்ணன் தலையாட்டுவார், மறந்துவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, இப்ப பி.எஃப்., இஎஸ்ஐ ரெண்டும் நானே போர்ட்டல்ல போடுறேன். நாலு வருஷமா ஒரு லேட் ஃபீஸ்கூட வந்ததில்ல. முழுப் பொறுப்பா ஆபீஸ் பாக்க எங்கயாவது ஆள் கேட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க சார் காதுக்கு மட்டும் இப்ப போக வேணாம்ணே." என்ன தெரியும், எதைத் தேடுகிறோம், எதை ரகசியமாக வைக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நாளை யாராவது கேட்டால் அவர் அப்படியே ஒப்பிக்கலாம்.

கேட்பது மட்டும் போதாது. போர்ட்டல் தொங்கும்போது வழி சொல்வது, காலியிடம் தெரிந்தால் தகுதியான இன்னொருவருக்குத் தகவல் அனுப்புவது என்று நாமும் கொடுத்திருந்தால்தான் கேட்க வாய் வரும். மாவட்டத்துக்குள்ளேயே படிகள் உள்ள இடங்களும் உண்டு. செய்யாறு சிப்காட் ஆலைகளில் டைம் ஆபீஸ், ஸ்டோர்ஸ், மனிதவளப் பிரிவு என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது வீண்போகாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குப் போவதும், தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவதும் இலவசம். கையில் காகிதமும் பலமாக இருக்கட்டும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சு மேல்நிலையும் கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழும் இருந்தால் அரசு தட்டச்சர் தேர்வுக்கும் கதவு திறந்திருக்கும்.

எங்கே ஏமாறுகிறார்கள்

கோயிலில் வேலை, கலெக்டர் ஆபீஸில் வேலை, 'உள்ளே ஆள் இருக்கு' என்று பணம் கேட்பவர்தான் முதல் ஆபத்து. வேலை வராது, பணமும் திரும்பாது. அதோடு முடிவதும் இல்லை. 2018-ல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு என்றாலும் 7 நாளுக்குள் புகார் சொல்லியிருக்க வேண்டும். வெறும் ஏமாற்று வேலை என்றால் எஸ்.பி. அலுவலகத்தில் உள்ள மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் வரும் 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி' அடுத்தது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் விலகுங்கள். 'உங்க அக்கவுன்ட்ல கொஞ்ச நாள் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கிட்டு அனுப்பி விடுங்க' என்பது அதைவிட மோசம். அது பெரும்பாலும் இன்னொருவரிடம் திருடிய பணம். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்காரர் வீட்டு வாசலில். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால் அந்தப் பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க வாய்ப்பிருக்கிறது.

நம் பக்கத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. புது இடத்தில் மதிப்பு காட்ட, பழைய ஆபீஸின் டேலி டேட்டாவையும் வாடிக்கையாளர் பட்டியலையும் பென்டிரைவில் எடுத்துப் போவது. உரிமையாளர் அனுமதியின்றி டேட்டாவை நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் பாயும். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். திறமையைக் காட்ட வேண்டுமானால் கற்பனைப் பெயர்களை வைத்து ஒரு மாதிரி அறிக்கை தயாரித்துக் காட்டுங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலை சம்பந்தமாகப் பேச லாட்ஜ் அறைக்கோ, ஆபீஸ் மூடிய பிறகோ வரச் சொன்னால் மறுக்க எந்த விளக்கமும் தேவையில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைவானால், அல்லது புகாரே முதலாளி மீதுதான் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவசரத்துக்கு 181.

போகும்போது தடுத்தால்

புது வேலை உறுதியான பிறகுதான் உண்மையான இழுபறி தொடங்கும். 'மூணு வருஷத்துக்கு வேற லாட்ஜ்ல சேரக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கியே' என்று காகிதத்தை நீட்டுவார்கள். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. உச்ச நீதிமன்றம் 1980-லேயே இதை உறுதி செய்துவிட்டது. ஆனால் குறிப்பிட்ட காலம் வேலை செய்வேன், இடையில் போனால் இவ்வளவு தருவேன் என்ற பாண்டு வேறு விஷயம். விஜயா வங்கி வழக்கில் 2025 மே 14-ல் அதே நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. மூன்று ஆண்டு முடியும் முன்பே விலகியதற்காக ஒரு முதுநிலை மேலாளரிடம் வங்கி வாங்கிய 2 லட்சம் ரூபாய் செல்லும் என்றது நீதிமன்றம். பொதுத்துறை வங்கி ஆள் எடுக்கப் பெரும் செலவு செய்கிறது, அவருடைய பதவிக்கு அந்தத் தொகை அதிகமில்லை என்பதெல்லாம் அதற்குச் சொன்ன காரணங்கள். பயிற்சி என்று ஒரு நாள்கூடக் கொடுக்காத கடை, 12,000 ரூபாய் சம்பளக்காரரிடம் ஒரு லட்சம் கேட்டால் இந்தத் தீர்ப்பைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆகவே பாண்டு எதுவானாலும் கையெழுத்துக்கு முன் படியுங்கள், நகல் வாங்குங்கள்.

அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பது இன்னும் கேவலமான பழக்கம். படிப்புச் சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அதை அடகுபோல் பிடித்து வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சேரும்போதே 'சரிபார்த்துவிட்டுத் தாருங்கள்' என்று கேட்பதுதான் நல்லது. கொடுத்துவிட்டவர்கள் எழுத்தில் திருப்பிக் கேட்க வேண்டும். ராஜினாமாவையும் வாயால் சொல்லாமல் மின்னஞ்சலிலோ ஸ்பீட் போஸ்டிலோ அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வேறு இடம் தேடுவது தெரிந்து ஒரே நாளில் 'நாளைல இருந்து வர வேணாம்' என்றால்? கடைகள், விடுதிகள் போன்றவற்றுக்கு 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்க முடியாது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும் என்கிறது அதன் 41-வது பிரிவு. எதிர்த்துத் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். முதல் படியாகத் திருவண்ணாமலை தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். பள்ளி ஊழியர்களுக்கு 2018-ம் ஆண்டு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று வேறு பாதை. வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் 15100. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசம்.

கிளம்பும் தேதியைக் குறிக்கும் முன் கிராஜுவிட்டியைக் கணக்குப் போடுங்கள். 10 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு முடிந்தால் கிடைக்கும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க 7,500 வரும். 8 ஆண்டுக்கு 60,000 ரூபாய். நாலரை ஆண்டு முடித்தவர் ஆறு மாதம் பொறுப்பதா, புது இடத்தின் சம்பள உயர்வு அதைவிடப் பெரிதா என்று பார்த்து முடிவெடுக்கலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே இந்த உரிமை உண்டு.

பி.எஃப்.பில் இன்னொரு சிக்கல். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் இடங்கள் இருக்கின்றன. பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும்; மாதாமாதம் ஏறுகிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். ஏறவில்லை என்றால் இபிஎஃப்ஓ-வின் குறைதீர் தளத்தில் பதியலாம், அல்லது 27-ம் தேதி வாக்கில் மாவட்டந்தோறும் அவர்கள் நடத்தும் குறைதீர் முகாமுக்கு நேரில் போகலாம். விலகிய பிறகு கோபத்தில் சில முதலாளிகள் வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுப்பார்கள். பணத்தை மாற்ற முடியாமல் நிற்கும். கடைசிப் பங்களிப்பு விழுந்து இரண்டு மாதம் கழிந்தால் அந்தத் தேதியை யுஏஎன் போர்ட்டலில் நீங்களே பதிந்துகொள்ளலாம். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஓடிபி வரும், அவ்வளவுதான்.