தொண்ணூறு நாள் கெடு

சிறு ஒப்பந்ததாரர்கள் பலரைச் சாய்ப்பது அவர்கள் செய்து முடித்த வேலைதான். வாய்க்கால் பாலம் எழும்பிவிட்டது, எம்-புக் எனும் அளவுப் பதிவேட்டில் அளவும் ஏறிவிட்டது. பில் மட்டும் பாஸாகவில்லை. பில்லில் பிடித்துவைத்த டெபாசிட்டோ, பராமரிப்புக் காலம் முடியும்வரை கைக்கு வராது. இதற்கிடையில் சனிக்கிழமை கூலியைக் கொடுத்தாக வேண்டும். கம்பிக் கடை பாக்கி ஏறும். ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கு லிமிட்டைத் தாண்டி நிற்கும்.

இந்தக் கட்டத்தில் பலரும் வெளியே வட்டிக்கு வாங்கி வங்கிக் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள். 20 லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 60,000 ரூபாய், ஆண்டுக்கு 7.2 லட்சம். அதே தொகைக்கு வங்கி 12 சதவீதம் போட்டால் 2.4 லட்சம். வங்கிக்கு நல்ல கணக்காகத் தெரிய மும்மடங்கு வட்டி! கூடவே, தொகை நிரப்பாமல் கையெழுத்திட்ட காசோலைகளும் கைமாறுகின்றன. அவை பணமின்றித் திரும்பினால், நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால் வழக்கு. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

இப்படி ஓட்டும் நாட்கள்தான் கடன் மறுசீரமைப்புக்கான நாட்கள். பாக்கி 30 நாளைத் தாண்டினால் வங்கி அந்தக் கணக்கை எஸ்எம்ஏ-1 (சிறப்புக் கவனக் கணக்கு) என்றும், 60 நாளைத் தாண்டினால் எஸ்எம்ஏ-2 என்றும் குறிக்கிறது. 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். 25 கோடி வரை கடன் வரம்புள்ள சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்காக (எம்எஸ்எம்இ) ரிசர்வ் வங்கி 2016-இல் ஒரு நடைமுறை வகுத்தது. நெருக்கடி தெரிந்ததும் நிறுவனமே வங்கியிடம் விண்ணப்பிக்கலாம். வங்கி இதற்கென அமைத்த குழு அதைப் பரிசீலித்து, தவணையை நீட்டலாம். லிமிட்டைத் தாண்டிய தொகையைப் பிரித்துத் தவணைக் கடனாக மாற்றலாம்.

இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. அதே தீர்ப்பில் ஒரு கண்டிப்பும் உண்டு. தான் எம்எஸ்எம்இ என்பதை உரிய நேரத்தில் ஆவணத்தோடு வங்கிக்குத் தெரிவிக்காமல் இருந்துவிட்டு, கடன் மீட்புக்கான சர்ஃபாசி சட்ட நடவடிக்கை எல்லாம் முடிந்தபின் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. சர்ஃபாசி நோட்டீஸ் தரும் அவகாசம் 60 நாள். அதன்பின் அடமானச் சொத்தை வங்கி கையகப்படுத்தலாம்.

திவால் சட்டத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தங்கள் நிறுவனம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். 2021-இல் வந்த, சிறு நிறுவனங்களுக்கான 'பிரீ-பேக்' (முன்கூட்டியே பேசி முடிக்கும்) தீர்வு கம்பெனிகளுக்கும் எல்எல்பிகளுக்கும் (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை) மட்டுமே. புரொப்ரைட்டர் பெயரில் தொழில் செய்பவருக்கு அது கிடையாது. கடை வேறு, வீடு வேறு என்ற பிரிவும் அவருக்கு இல்லை. கம்பெனியாக இருந்தாலும், இயக்குநர் போட்ட சொந்த ஜாமீன் தானாக ரத்தாகாது. கம்பெனியின் கடன் தீர்வுத் திட்டத்தோடு முடிந்தாலும் ஜாமீன்தாரர் மீது வங்கி நடவடிக்கை எடுக்கலாம் என்பதையும் 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

மறுசீரமைப்புக்கும் விலை உண்டு. மறுசீரமைத்த கணக்கைப் பொதுவாக வங்கிகள் வாராக்கடன் வகைக்கே இறக்குகின்றன. புதிய வேலைக்கு வங்கி உத்தரவாதம் வாங்குவது கடினமாகும். வரவேண்டிய பில் உண்மையிலேயே வரும் என்றால் மட்டுமே இந்த விலையைக் கொடுக்கலாம். தகராறில் கிடக்கும் பில்லை நம்பித் தவணையை நீட்டினால் வட்டிதான் நீளும். அந்த நிலையில் சும்மா நிற்கும் ஜேசிபியை விற்றுக் கடனைக் குறைப்பது மேல்.

ஆகவே, லிமிட்டைத் தாண்டிய முதல் மாதத்திலேயே எம்எஸ்எம்இ பதிவுக்கான உத்யம் சான்று, பணி ஆணைகள், எம்-புக் நகல், நிலுவை பில் பட்டியல், அடுத்த ஓராண்டு வரவு-செலவுக் கணக்கு ஆகியவற்றோடு கிளை மேலாளரிடம் எழுத்துமூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு நீதிமன்றத்தில் சாட்சி இருக்காது.