வள்ளத்தில் இன்வேட்டர் பூட்டும்போது

தோட்டக் காணியை விட்டுக் கரையோரம் வந்து தங்கிய குடும்பங்களிற் சில, இப்போது வள்ளத்தையும் நம்பிச் சீவிக்கின்றன. கிணற்றடியில் மோட்டர் பூட்டிப் பழகிய கை, வள்ளத்திலே பற்றரியையும் இன்வேட்டரையும் தொடுக்கவும் துணிந்துவிடுகிறது. "12 வோல்ற் தானே, தொட்டாலும் அடிக்காது" என்பார்கள். அடிக்காதுதான், ஆனால் வள்ளத்தையே எரித்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 600 வாற் எடுக்கும் ஒரு கருவிக்கு 230 வோல்ற்றில் 3 அம்பியர் கூடத் தேவையில்லை. அதே 600 வாற்றை 12 வோல்ற் பற்றரியிலிருந்து எடுக்க 50 அம்பியர் வேண்டும். இன்வேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 60 அளவில் வரும். வீட்டுப் பல்புக்கு இழுக்கும் வயரில் இவ்வளவு ஓடினால் வயர் சூடேறி, உறை உருகி, அருகிலுள்ளது பற்றிக்கொள்ளும். இந்த அளவு இன்வேட்டருக்கு 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் பாவியுங்கள். நீளம் ஒன்றரை மீற்றருக்கு மேற்பட வேண்டாம்.

பலர் பிழைவிடுவது பியூஸில். இன்வேட்டருக்குள் இருக்கும் பியூஸ் இன்வேட்டரைத்தான் காக்கும், வயரைக் காக்காது. வயர் வள்ளத்து விளிம்பில் உரசித் தோல் போனால், பற்றரியில் உள்ள மின்சாரம் முழுவதும் அந்த இடத்தில் பாயும். ஆகவே நேர்முனை வயரில், பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள், 80 அம்பியர் பியூஸ் ஒன்று இருக்க வேண்டும். அது எரிந்தால் ஏனென்று தேடுங்கள். கம்பி சுற்றிச் சமாளிக்கும் நமது பழைய வழக்கம் இங்கே உதவாது.

வயர் நுனிகளை முறுக்கிக் கட்டாமல், அழுத்திப் பூட்டும் செப்புக் காது போட்டு இறுக்குங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிக்கும். வெள்ளீயம் பூசிய வயர் கிடைத்தால் நல்லது. வேலை செய்யும்போது பற்றரிப் பூட்டு சுடுகிறதென்றால் அது தளர்ந்திருக்கிறது அல்லது பச்சை பிடித்திருக்கிறது. நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

பற்றரி ஏற்றும்போது எரியக்கூடிய வாயு மேலே கிளம்பும். பெற்றோல் ஆவியோ கீழே படியும். இன்வேட்டரைத் தொடுக்கும்போது ஒரு பொறி பறப்பது சாதாரணம். எனவே இவை மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைக்கக் கூடாது. முதலில் இன்வேட்டர்ப் பக்கத்தைப் பூட்டி, பிறகு பற்றரியின் நேர்முனை, கடைசியாக மறைமுனை. கழற்றும்போது மறைமுனை முதலில்.

இன்வேட்டரிலிருந்து வெளிவருவது 230 வோல்ற். நனைந்த உடம்போடு நிற்பவரை அது கொன்றுவிடும். ஒரு கருவியை நேராக அதிலேயே செருகுங்கள். நீட்டு வயர் இழுக்க வேண்டாம். ட்ரிப் சுவிச் பூட்டினாற் போதுமென்று நினைப்பதும் சரியல்ல. இன்வேட்டரின் அமைப்புக்கேற்ப நியூற்றலையும் எர்த்தையும் தொடுக்காவிட்டால் அது விழாமலே போகலாம். இந்த வேலையை மட்டும் தெரிந்த மின்தொழிலாளியிடம் விடுங்கள்.

விளக்குக்கும் போனுக்கும் மட்டுமென்றால் இன்வேட்டரே தேவையில்லை. 12 வோல்ற் எல்.ஈ.டி. பல்பும் 12 வோல்ற் சார்ஜரும், பற்றரியடியில் ஒரு 5 அம்பியர் பியூஸும் போதும்.