பெட்ரோல் எவ்வளவு? முதுகுக்குப் பின்னால் பதில்!

பழைய ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். வண்டி திணறினால் குனிந்து 'ரிசர்வ்' பக்கம் திருப்ப வேண்டும். மீதி பெட்ரோலைக் காட்டும் கருவி கிடையாது. வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். ஆகாயத்தில் நின்றுவிட்டால்?

விமானத்தை வீட்டிலேயே கட்டுகிறவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் உண்டு. அவர்களிடையே பெயர் பெற்றது, பர்ட் ரூட்டன் வடிவமைத்த 'லாங் ஈஸி' விமானம். அதில் இரு பக்கமும் ஒவ்வொரு பெட்ரோல் டாங்க்.

பிரபல பாடகர் ஜான் டென்வர், வேறொருவர் கட்டிய அத்தகைய விமானம் ஒன்றை வாங்கினார். டாங்க் மாற்றும் கைப்பிடி அதில் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. பெட்ரோல் மட்டங்காட்டிகளும் பின்னிருக்கைப் பக்கம்தான். அவற்றில் அளவுக்கோடுகளும் இல்லை.

கண்ணாடி கொடுத்த மெக்கானிக்

1997 அக்டோபர் 12. கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையம். பின்னாலுள்ள மட்டத்தைப் பார்க்க மெக்கானிக் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார். சுமார் ஒரு மணி நேரமே பறக்கப் போவதாகச் சொல்லி, பெட்ரோல் வேண்டாம் என்றுவிட்டார் டென்வர்.

அன்று மாலை விமானம் கடலில் விழுந்தது. 53 வயது டென்வர் இறந்தார்.

கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது தம்மை அறியாமல் வலது சுக்கானை இயக்கிவிட்டார் என்று விசாரணை முடிவு கூறியது. பெட்ரோல் நிரப்பாததும் ஒரு காரணம். கைப்பிடி இருந்த இடமும், கோடில்லாத மட்டங்காட்டிகளும் விபத்துக்குத் துணை போயின.

மிதவையும் முள்ளும்

கருவி பொருத்துவது பெரிய வித்தையல்ல. டாங்கினுள் ஒரு மிதவை. பெட்ரோல் குறையக் குறைய அது இறங்கும், மின்தடை மாறும், விமானியின் முன்னே முள் நகரும். பழைய 'பைபர் கப்' விமானத்தில் இன்னும் எளிது. கார்க் மிதவையில் செருகிய கம்பி, டாங்க் மூடி வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி தாழ்ந்தால் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம்.

அளவு குறிப்பதில்தான் கவனம் வேண்டும். விமானத்தைப் பறக்கும் நிலையில் நிறுத்தி, பெட்ரோலை அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் கோடு போட வேண்டும். விமானம் சாய்ந்து நின்றால் கணக்குத் தப்பும்.

அனுபவசாலிகள் முள்ளை மட்டும் நம்புவதில்லை. புறப்படுமுன் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்கிறார்கள். பறக்கும்போது கடிகாரத்தையும் பார்க்கிறார்கள். கருவி கண்ணெதிரே, கைப்பிடி கையருகே! டென்வரின் விமானத்தில் இரண்டுமே இல்லை.