நிக்கல் தொட்டியில் ஷாம்புப் பொருள்

மாணவர்களே, வீட்டிலுள்ள ஷாம்பு போத்தலின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சோடியம் லாரில் சல்பேட் என்ற பெயர் இருக்கும். நுரை தரும் இதே பொருளை மின்முலாம் பூசும் தொட்டியிலும் சேர்க்கிறார்கள். ஏன் தெரியுமா?

சில மோட்டார் சைக்கிள்களின் அலுமினிய சிலிண்டர் உட்சுவரில் நிக்கல் பூசப்பட்டிருக்கும். அந்தப் பூச்சுக்குள் சிலிக்கான் கார்பைடு என்ற மிகக் கடினமான துகள்கள் பதிந்திருக்கும். பிஸ்டன் ஓயாமல் உரசினாலும் சுவர் எளிதில் தேயாது. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967இல் 'நிக்கசில்' என்ற பெயரில் இதை அறிமுகப்படுத்தியது.

இத்தகைய பூச்சை உருவாக்க, நிக்கல் உப்புக் கரைசலில் துகள்களைக் கலக்கி மின்சாரம் செலுத்துவார்கள். எதிர்மின்வாயில் படியும் நிக்கல், அங்கு வந்து சேரும் துகள்களையும் மூடிக்கொள்ளும். ஆனால் இரண்டு சிக்கல்கள் எழும். எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழிகள் ஒட்டிக்கொண்டால் பூச்சில் குழிகள் விழும். துகள்கள் ஒன்றோடொன்று திரண்டால் பூச்சு சீராக இருக்காது.

லாரில் சல்பேட் கரைசலின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். அதனால் குமிழிகள் எளிதில் பிரிந்து செல்லும். முடி கண்டிஷனர்களில் பயன்படும் செட்ரிமோனியம் புரோமைடு இரண்டாவது சிக்கலுக்கு உதவும். அதன் நேர்மின் அயனிகள் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒரே மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஒன்றையொன்று விலக்கும். எதிர்மின்வாயோ அவற்றை ஈர்க்கும்.

அளவு மீறினால் பலன் தலைகீழாகும். மூலக்கூறுகள் உலோகப் பரப்பையே மூடிக்கொள்ள, பூச்சு எளிதில் நொறுங்கும்.

அடுத்த முறை ஆய்வகத்தில் நீர்த்த கந்தக அமிலத்தை மின்னாற்பகுப்பு செய்யும்போது எதிர்மின்வாயைக் கவனியுங்கள். குமிழிகள் எவ்வளவு நேரம் ஒட்டி நிற்கின்றன?